ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வெள்ளித்திரைக்கு: எஸ். டி. சுப்புலட்சுமி

தமிழ் பேசும்படத்தின் முதல் தலைமுறை நாயகிகளில் ஒருவர் எஸ். டி. சுப்புலட்சுமி. பெயரின் முன்னெழுத்தில் உள்ள ‘எஸ்’ தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தையும், ‘டி’ அவருடைய தந்தை துரைசாமியையும் குறிக்கும். நவதிருப்பதிகளில் ஒன்றான கள்ளபிரான் கோயில் இருப்பதும் குமரகுருபரர் பிறந்ததும் இவ்வூரில்தான். நாடக மேடையில் பாடி நடித்துப் பழகிய சுப்புலட்சுமி, 1934-இல் திரைக்கு வந்தார். மேடைக் கலை திரைக்கலையாக மாறிய விதத்தை அவருடைய நடிப்பு வாழ்க்கையில் படிப்படியாகக் காணலாம்.

அவர் பழகிய மேடைக்கும் நெல்லைச் சீமைக்கும் நெருங்கிய உறவு உண்டு. ‘தமிழ் நாடகத் தலைமையாசிரியர்’ எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பிறந்தது தூத்துக்குடி அருகேயுள்ள காட்டுநாயக்கன்பட்டி. அந்நாளில் அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய அவருடைய நாடகங்கள் தமிழகம் எங்கும் ஆடப்பட்டன. கடல் கடந்து இலங்கைக்கும் சென்றன. அவற்றின் பாடல்களால் பெரும்புகழ் பெற்றவர் எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933). அவர் பெயரிலுள்ள ‘எஸ்’ செங்கோட்டையைக் குறிக்கும். அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த அவ்வூர், தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்றின் வடிநிலத்தில் உள்ளது.

அக்கால மேடைகளில் இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று, சிறுவர்களைச் சேர்த்து உணவும் உறைவிடமும் தந்து பயிற்றிய பாய்ஸ் கம்பெனி. அங்கே பெண் வேடத்தையும் சிறுவர்களே போட்டார்கள். மற்றொன்று ஸ்பெஷல் நாடகம். வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் நடிகர்களும் பக்கவாத்தியக்காரர்களும் அந்த ஓர் இரவுக்காக ஒன்றுகூடுவார்கள். ஒத்திகை கிடையாது. நாடகப் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், முன்பின் பழகாத இருவர்கூட விடியும்வரை பாட்டாலும் தர்க்கத்தாலும் எதிரெதிர் நின்று ஆட முடிந்தது. பெண்கள் தங்கள் பெயரால் அறியப்பட்டு, ஆண்களுக்கு இணையாகப் புகழ்பெற இந்த முறை வழிவிட்டது. ஒலிபெருக்கி வராத காலம் அது. கடைசி வரிசை வரை பாட்டு கேட்க வேண்டும். எனவே குரல்வளமே நடிகையின் முதல் மூலதனமாக இருந்தது.

1930-களின் தொடக்கத்தில் சுப்புலட்சுமி எம். கே. தியாகராஜ பாகவதருடன் ‘பவளக்கொடி’ நாடகத்தில் நடித்துவந்தார். பாகவதர் அர்ச்சுனன்; சுப்புலட்சுமி பவளக்கொடி. செட்டிநாட்டுப் பக்கம் இந்த நாடகத்துக்கு இருந்த வரவேற்பைக் கண்டு அதைப் படமாக்க முடிவு செய்தார்கள். கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்து திரையுலகுக்கு வந்த கே. சுப்பிரமணியம் இயக்க, பாபநாசம் சிவன் இசைப் பொறுப்பை ஏற்றார். 1934-இல் வெளிவந்த அப்படத்தில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தன. நாயகன், நாயகி, இயக்குநர் மூவருக்கும் அதுவே முதல் படம். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னணிப் பாடல் முறை தமிழுக்கு 1938-இல் ‘நந்தகுமார்’ வழியாகத்தான் வந்தது. அதுவரை நடிப்பவரே பாட வேண்டும். காட்சியைப் படம்பிடிக்கும்போதே குரலும் பதிவாகிவிடும். மேடையில் பாடிக்கொண்டே நடித்துத் தேறியவர்களைத் திரை முதலில் நாடியதற்குக் காரணம் இதுதான்.

சுப்பிரமணியம் இயக்கத்தில் ‘நவீன சதாரம்’ (1935), பாகவதருடன் ‘நவீன சாரங்கதரா’ (1936) ஆகிய படங்கள் தொடர்ந்தன. இரண்டும் மேடையில் புகழ்பெற்ற கதைகள். இயக்குநரையே சுப்புலட்சுமி மணந்துகொண்டார். 1936-இல் வந்த ‘பக்த குசேலா’வில் பாபநாசம் சிவன் குசேலராக நடித்தார். குசேலரின் மனைவி, கண்ணன் என்னும் இரு வேடங்களையும் ஏற்றவர் சுப்புலட்சுமி. பெண் ஆண் வேடம் தரிப்பது மேடையில் வழங்கிய மரபு. அந்தப் பழக்கம் இங்கே திரையிலும் கைகொடுத்தது.

அவருடைய நடிப்பின் உச்சம் ‘தியாகபூமி’ (1939). கல்கியின் இக்கதை, படக் காட்சிகளின் புகைப்படங்களுடன் ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமும் தயாரானது. கணவனால் துரத்தப்பட்ட சாவித்திரி, பெற்ற குழந்தையைப் பிரிந்து, பின்பு செல்வம் வாய்த்து உமாராணியாகத் திரும்புகிறாள். சேர்ந்து வாழக் கட்டாயப்படுத்திக் கணவன் வழக்குத் தொடுக்கும்போது, நீதிமன்றத்தில் அவள் மறுத்துப் பேசுகிறாள்; வேண்டுமானால் கணவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகவும் சொல்கிறாள். இறுதியில் விடுதலைப் போராட்டத்தில் இறங்குகிறாள். பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் சட்டத்தில் உறுதியாகாத அந்நாளில், ஒரு பெண் தன் மதிப்பைத் தானே வாதாடி நிலைநாட்டியது தமிழ்த்திரைக்கு மிகப் புதிது. பவளக்கொடியாக மேடையில் தர்க்கம் செய்த குரல் இங்கே நீதிமன்றக் கூண்டில் நின்று வழக்காடியது. சாவித்திரியின் தந்தை சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனும், மகள் சாருவாகப் பேபி சரோஜாவும் நடித்தார்கள். டி. கே. பட்டம்மாள் பாடிய தேசப் பாடல்கள் படத்துக்கு வலுச் சேர்த்தன.

படம் வெளியானபோது சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது. 1939 அக்டோபரில் அது பதவி விலகியது. 1940-இல் ஆங்கிலேய அரசு படத்துக்குத் தடை விதித்தது. அதற்குள் ஏராளமானவர்கள் படத்தைப் பார்த்துவிட்டார்கள்.

பின்னர் போர்க்காலக் கதையான ‘மானசம்ரட்சணம்’ (1945) படத்தில் சுப்புலட்சுமி நடித்தார். பின்னணிப் பாடல் நிலைபெற்றதும், பாடத் தெரிந்தவரே நடிக்கலாம் என்ற நிபந்தனை மறைந்தது. நாயகிகளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலும் மாறியது. சுப்புலட்சுமி தாய் வேடங்களுக்கு நகர்ந்தார். ‘தியாகபூமி’யின் பிரதி ஒன்று புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. ஸ்ரீவைகுண்டத்துப் பெண்ணின் நடிப்பையும் குரலையும் அதில் இன்றும் காணலாம், கேட்கலாம்.