அங்காதிபாதமும் ஆசனமும்: தீவகத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

நெடுந்தீவில் ஒருவருக்கு முழங்கால் மூட்டுப் பிசகினால், சிறப்பு வைத்தியத்துக்கு அவர் குறிகட்டுவான் துறைவரை படகிலும், அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாகத் தரையிலும் யாழ்ப்பாண நகரை அடையவேண்டும். நயினாதீவாரின் நிலையும் இதுவே. ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டெனினும் தூரம் சிறிதன்று. இத்தகைய இடங்களில், காயத்தைக் குணப்படுத்துவதிலும் அது நேராமற் காப்பதே முதன்மை பெறுகின்றது. யோகப் பயிற்சியும் இதற்கு விலக்கன்று. ஆசனத்துக்கு வேண்டிய உடற்கூற்றறிவு தமிழில் எப்போது உருவாயிற்று, அது ஏன் ஆசனப் பயிற்சியோடு சேராது நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

தமிழரின் யோக மரபு தொன்மையானது. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றது. ஆயினும் அம்மரபு கூறும் நாடிகளும் ஆதாரங்களும் அகவனுபவத்தின் வரைபடமே. மூட்டுகளின் வரைபடம் அன்று. மாணவனின் உடலைப் பல்லாண்டுகள் அருகிருந்து கண்ட குருவின் கண்ணே அன்று காவலாக அமைந்தது. பயிற்சி, பெருவகுப்புக்கும் படநூலுக்கும் மாறியபோது அக்காவல் தளர்ந்தது. அதன் இடத்தை நிரப்பவேண்டியது உடற்கூற்றியலே.

அவ்வறிவுக்கான தமிழ், தீவகத்துக்கு அண்மையிலேயே ஆக்கப்பட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884), மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். கட்டரின் நூலை அவர் தமிழாக்கியபோது அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் ஆகிய மூன்றும் ஒரே நூலில் இடம்பெற்றன. இன்றைய வழக்கில் இவை உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம் என்பனவாம். இச்சேர்க்கை கருதத்தக்கது. உடலின் அமைப்பை அறிவது அறுவைக்கு மட்டுமன்று, உடலைப் பேணுவதற்குமாம் என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது.

1873இல் கிறீன் நாடு திரும்பினார். அதன்பின் மேனாட்டு மருத்துவக் கல்வி ஆங்கிலத்தின் வழியே வளர்ந்தது. அங்காதிபாதம் பொதுமக்களின் கைக்கு எட்டாததாயிற்று. 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், ஆசனங்களை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்றார். அத்தகைய ஆய்வின் பயன் தமிழ்வழிப் பயிற்சியாளரை முழுமையாக எட்டவில்லை. இங்ஙனம், சொற்கள் நம்மிடம் பிறந்திருந்தும் அறிவு நம்மிடம் பரவாதுபோயிற்று.

இவ்விடைவெளியின் விளைவு உடலில் தெரியும். பதுமாசனத்தில் தொடை சுழலவேண்டிய இடம் இடுப்பு மூட்டாகும். அது கிண்ணத்துட் பந்து அமைந்தாற்போன்றது, பலதிசையிலும் சுழலும். முழங்காலோ பெரிதும் கதவுப் பிணைச்சலைப் போல மடங்கி நிமிர்வது. இடுப்பு இடங்கொடாதபோது பாதத்தை வலிந்து இழுத்தால், அம்முறுக்கு முழங்காலின் குருத்தெலும்பைத் தாக்கும். கழுத்தின் ஏழு முள்ளென்புகளுள் மேலுள்ள ஆறின் துளைகளூடாக மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்கள் ஏறுகின்றன. கழுத்தை அளவிறந்து வளைத்தலால் இவற்றுக்கு நேரக்கூடிய தீங்கை 1972இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்று சுட்டிக்காட்டியது. அதற்கு முந்திய ஆண்டில், குதிகால்மீது நெடுநேரம் அமர்ந்தமையால் நரம்பு அழுந்திப் பாதம் தொய்ந்த நிலையை அமெரிக்க மருத்துவ இதழொன்று பதிவுசெய்தது.

இவை ஆசனத்தைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. அளவறிந்து செய்வதற்கான காரணங்களேயாம். நிலைபேறும் சுகமும் உடையதே ஆசனம் என்பது பதஞ்சலியின் கொள்கை. மூட்டில் எழும் கூரிய வலியும் காலில் ஏறும் மரமரப்பும் அச்சுகத்துக்கு மாறானவை. தோன்றியவுடன் நிறுத்துதல் வேண்டும். உயர் குருதியமுக்கமோ கண்ணமுக்க நோயோ உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையின்றித் தலைகீழ் நிலைகளை மேற்கொள்ளலாகாது.

தொழிலும் உடலை வேறுபடுத்துகின்றது. வலை இழுப்பவரின் தோளும், பனையேறுபவரின் முழங்காலும், நாள்முழுதும் மேசைமுன் அமர்பவரின் இடுப்பும் ஒன்றல்ல. அனைவரையும் ஒரே படத்துக்கு வளைக்கும் பயிற்சி, உழைப்பாளியின் உடலைக் கணக்கிலெடுக்காத பயிற்சியாகும். தீவகத்துப் பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் ஆசனம் கற்பிப்போர், மூட்டுகளின் அமைப்பை எளிய தமிழில் முதலிற் கற்பித்தல் வேண்டும். மானிப்பாயில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தொடங்கி இடையில் நின்ற பணி அதுவே. கடலைக் கடந்து மருத்துவம் தேடவேண்டிய மக்களுக்கு அவ்வறிவு ஆடம்பரமன்று, உரிமையாகும்.