இரண்டு விஷயங்களுக்குள் தொடர்பு உண்டா, இல்லையா? கண்டுபிடிப்பது எப்படி?

1999-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பெருக்கல் கணக்கு கொலை வழக்கில் சாட்சியம் ஆனது.

வழக்கறிஞரான சாலி கிளார்க்கின் இரண்டு ஆண் குழந்தைகள், ஒன்று 1996-லும் மற்றொன்று 1998-லும், பிறந்த சில வாரங்களிலேயே இறந்தன. தாயே கொன்றுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. புகைபிடிக்காத, வசதியான குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-ல் 1 என்றார், சாட்சி சொன்ன குழந்தைகள் நல மருத்துவர் ராய் மெடோ. இரண்டு குழந்தைகள் என்றால்? 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கி, சுமார் 7.3 கோடியில் 1 என்றார். சாலிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

பெருக்கலின் விடை சரிதான். ஆனால், அங்கே பெருக்கவே கூடாது. ஏன்?

பெருக்கல் எப்போது செல்லும்?

ஒன்று நடந்தது தெரிந்த பிறகும் மற்றொன்றின் வாய்ப்பு மாறவில்லை என்றால், இரண்டும் சார்பற்றவை. மாறினால் சார்புடையவை. இரண்டு முறை நாணயம் சுண்டினால், முதலில் தலை விழுந்தது இரண்டாவதை மாற்றாது. அதனால் பாதியைப் பாதியால் பெருக்கி, இரண்டும் தலையாக விழும் வாய்ப்பு கால் பங்கு என்று சொல்லலாம்.

ஒரே வீட்டுக் குழந்தைகள் அப்படியா? ஒரே பெற்றோர், ஒரே மரபணு, ஒரே சூழல். முதல் குழந்தை இறந்த வீட்டில் இரண்டாவது குழந்தைக்கான ஆபத்து கூடுதலாக இருக்கலாம் அல்லவா? அந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று பிரிட்டனின் ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி 2001-ல் வெளிப்படையாக அறிவித்தது. மறைந்திருந்த ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவும் வெளியே வர, 2003-ல் தண்டனை ரத்தானது. 2007-ல் சாலி இறந்துபோனார்.

உங்கள் கையில் டேட்டா இருந்தால்?

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். 100 வேலை நாட்களில் 20 நாள் மழை. 30 நாள் நீங்கள் ஆபீஸுக்கு லேட். மழைக்கும் லேட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றால், இரண்டும் சேர்ந்து வரும் நாட்கள் எத்தனை இருக்கும்? 20 சதவீதத்தில் 30 சதவீதம், அதாவது 6 நாள். ஆனால் டைரியில் 14 நாள் இருக்கிறது. மழை நாட்களில் 70 சதவீதம் லேட், மற்ற நாட்களில் 20 சதவீதம்தான் லேட். ஆக, இரண்டும் சார்புடையவை.

சரி, 6-க்குப் பதில் 7 வந்திருந்தால்? அது வெறும் தற்செயலாக இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் கை-ஸ்கொயர் சோதனை. எதிர்பார்த்த எண்ணுக்கும் உண்மை எண்ணுக்கும் உள்ள இடைவெளியை அட்டவணையின் நான்கு கட்டங்களிலும் அது அளக்கும். இத்தகைய அட்டவணைக்கு 5 சதவீத அளவில் எல்லை 3.84. நம் உதாரணத்தில் விடை சுமார் 19. தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவு இது.

மூன்று இடங்களில் ஏமாறுவோம்

முதலாவது, கோரிலேஷன் பூஜ்ஜியம் என்றால் தொடர்பே இல்லை என்று நினைப்பது. டெல்லியில் கோடையில் ஏசி, குளிரில் ஹீட்டர், இரண்டு பருவத்திலும் கரண்ட் பில் எகிறும். வெப்பம் ஏற ஏற பில் முதலில் இறங்கி, பிறகு ஏறுவதால் கோரிலேஷன் பூஜ்ஜியத்தை ஒட்டி வரலாம். ஆனால் வெப்பத்தைச் சொன்னால் பில்லை ஓரளவு ஊகித்துவிடலாமே! கோரிலேஷன் நேர்கோட்டு உறவை மட்டுமே அளக்கும்.

இரண்டாவது, சேர்ந்து நடக்கவே முடியாதவற்றைச் சார்பற்றவை என்று நினைப்பது. ஒரே சுண்டலில் தலை விழுந்தால் பூ விழாது. ஒன்றைத் தெரிந்தாலே மற்றது முழுசாகத் தெரிந்துவிடுகிறது. இதைவிட வலுவான சார்பு வேறில்லை.

மூன்றாவது, சார்பு இருந்தாலே ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நினைப்பது. இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம்.

உங்கள் வீட்டுக் கடனுக்கு இது எப்படிப் பொருந்தும்?

இரண்டு சம்பளத்தை நம்பி நீங்களும் உங்கள் துணையும் இஎம்ஐ கட்டுகிறீர்கள். ஓராண்டில் வேலை போகும் வாய்ப்பு ஆளுக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால், இரண்டு வேலையும் போகும் வாய்ப்பு 400-ல் 1. நிம்மதியாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் இருவருக்கும் ஒரே நிறுவனம், அல்லது ஒரே துறை என்றால்? ஒருவர் வேலை போகும் ஆண்டில் மற்றவருக்கான ஆபத்து 30 சதவீதமாக உயர்ந்தால், இரண்டும் போகும் வாய்ப்பு 1.5 சதவீதம். அதாவது 6 மடங்கு.

ஆகவே, எத்தனை மாத இஎம்ஐ-யைக் கையிருப்பில் வைப்பது என்று முடிவு செய்யும்போது முதலில் இதைக் கேளுங்கள்: ஒருவருக்கு வேலை போகும் அதே காரணம் மற்றவரையும் தொடுமா? தொடும் என்றால், 400-ல் 1 என்ற எண்ணை நம்பாதீர்கள்.