ஹக்கிள்பெரி ஃபின்னின் திருப்புமுனை எது?

வளரும் பருவத்து நாவல்களில் நாயகனின் திருப்புமுனை எது என்று கேட்டால், கதையின் பெரிய சம்பவத்தைத்தான் பலரும் காட்டுவார்கள். மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் நாவலில் (பிரிட்டனில் 1884, அமெரிக்காவில் 1885) அப்படிக் காட்ட முடியாது.

குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்பிய சிறுவன் ஹக், எஜமானியிடமிருந்து ஓடிவந்த அடிமை ஜிம்முடன் மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் போகிறான். வழியில், இரு குடும்பங்களின் பகையில் தன் வயதுப் பையன் கொல்லப்படுகிறான். ஹக் அழுகிறான், ஆனால் மாறவில்லை.

மாற்றம் வருவது 31-ஆம் அத்தியாயத்தில். ஜிம் பிடிபட்டுவிட்டான். அவன் இருக்கும் இடத்தைச் சொல்லி எஜமானிக்கு ஹக் கடிதம் எழுதுகிறான். ஓடிய அடிமைக்கு உதவுவது 1793 முதலே சட்டப்படி குற்றம். பாவம் என்றும் அவனுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் ஜிம் தன்னிடம் காட்டிய அன்பு நினைவுக்கு வருகிறது. நரகம் நிச்சயம் என்று நம்பிக்கொண்டே கடிதத்தைக் கிழிக்கிறான்.

நாவல் வெளிவருமுன், 1865-லேயே அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்துவிட்டது. ஹக் செய்தது சரி என்று வாசகனுக்குத் தெரியும். ஹக்குக்குத்தான் தெரியாது!

எஜமானி முன்பே இறந்துவிட்டாள், உயிலில் ஜிம்முக்கு விடுதலை தந்திருக்கிறாள் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. ஆக, ஜிம்மை விடுவித்தது ஹக்கின் முடிவு அல்ல. அந்த முடிவால் மாறியவன் ஹக் மட்டுமே. அதனால்தான் அது திருப்புமுனை.