கணையப் புற்றுநோய்: கேராஸ் மரபணுவைக் குறிவைக்கும் சிகிச்சை

கணையப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை கணைய நாளங்களில் தோன்றும் அடினோகார்சினோமா வகை. கணையம் இரைப்பைக்குப் பின்னால் மறைந்திருப்பதால் கட்டி வளர்வது எளிதில் தெரிவதில்லை. மஞ்சள் காமாலையோ எடைக் குறைவோ தென்பட்டு மருத்துவரிடம் வருவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் அறுவைச் சிகிச்சை செய்ய முடிகிறது. 1997இல் வெளியான ஆய்வில் ஜெம்சிட்டபின் என்ற மருந்து, இடைநிலை வாழ்நாளை 4.41 மாதங்களிலிருந்து 5.65 மாதங்களாக்கியது. 2011இல் பிரான்சின் ஃபோல்ஃபிரினாக்ஸ் கூட்டு மருந்து, பரவிய நோயில் அதை 11.1 மாதங்களுக்குக் கொண்டுசென்றது. இவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் இரண்டுமே பெருகும் செல்களைப் பொதுவாகத் தாக்குபவை. நோயின் வேரைத் தொடாதவை.

வேர் எதுவென்பது நெடுநாளாகவே தெரியும். இக்கட்டிகளில் சுமார் 90 விழுக்காட்டில் கேராஸ் மரபணு திரிந்திருக்கிறது. அது உண்டாக்கும் புரதம் ‘வளர்’ என்ற கட்டளையை நிறுத்தாமல் அனுப்புகிறது. மருந்து பற்றிக்கொள்ளத்தக்க குழி அப்புரதத்தில் இல்லையென்று பல பத்தாண்டுகள் கைவிட்டிருந்தார்கள். 2013இல் கலிபோர்னியாவில் கெவன் ஷோகாட்டின் குழு ஜி12சி என்ற திரிபில் அப்படியொரு குழியைக் கண்டது. அதன் வழியே வந்த சோட்டோராசிப் மருந்து 2021இல் நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்க அனுமதி பெற்றது. கணையக் கட்டிகளில் ஜி12சி ஓரிரு விழுக்காடே என்று இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. கணக்கு சரிதான், முடிவு சரியல்ல: அந்தக் குழி உடைத்தது ‘முடியாது’ என்ற நம்பிக்கையை. இன்று டாராக்சன்ராசிப் என்ற மருந்து, செல்லில் இயல்பாகவே உள்ள சைக்ளோஃபிலின் புரதத்தோடு சேர்ந்து, செயல்நிலையிலுள்ள, கேராஸ் உள்ளிட்ட ராஸ் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. அதற்குக் குழியே தேவையில்லை. பல திரிபுகளை அது ஒருசேரத் தாக்கும். 2024இல் அதன் மூன்றாம் கட்ட ஆய்வு தொடங்கியது. கட்டி காலப்போக்கில் மருந்துக்கு அடங்காமல் போவது இங்கும் எதிர்பார்க்க வேண்டியதே.

முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் தீர்வு, மருந்தல்ல என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் நோய் அரிதாக இருப்பதால், எல்லோரையும் சோதித்தால் தவறான எச்சரிக்கைகளே மிகும். மேலும், கட்டியை முழுதாக அகற்றியவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத செல்கள் முன்பே பரவியிருப்பதே காரணம். அவற்றுக்கு மருந்துதான் வேண்டும். 2018இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் திருத்திய ஃபோல்ஃபிரினாக்ஸ் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 54.4 மாதம், ஜெம்சிட்டபின் பெற்றோருக்கு 35. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், அவரவர் கட்டிக்கேற்ப செய்த எம்ஆர்என்ஏ தடுப்பூசி 16 பேரில் 8 பேரின் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டியது. அவர்களுக்கு நோய் திரும்புவதும் தாமதப்பட்டது. தடுப்பூசியின் பலனா, ஏற்கெனவே வலுவான உடலின் பலனா என்பதை 16 பேரை வைத்துச் சொல்ல முடியாது; அதைப் பிரித்தறியவே அடுத்த கட்ட ஒப்பீட்டு ஆய்வு நடத்தப்படுகிறது.