ஆளற்ற கட்டிடத்தில் நாற்றம்

மேற்கு வர்ஜீனியாவில் வெஸ்டன் என்ற ஊரிலுள்ள பழைய மனநோய் விடுதி 1864ல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கி 1994ல் மூடப்பட்டது. 2007ல் ஏலத்தில் தனியார் கைக்குப் போயிற்று. இன்று அங்கே கட்டணம் செலுத்திவிட்டு இரவில் பேய் தேடலாம். தேடுபவர்களிடம் காந்தப்புலம் அளக்கும் கருவி, வெப்பமானி, ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் உண்டு. ஆனால் இத்தகைய இடங்களைப் பற்றிய கதைகளில் திரும்பத் திரும்ப வருவது இவை எதிலும் பதிவாகாத ஒன்று: காலி அறையில் சட்டென்று வந்து மறையும் புகையிலை வாசனை, பூ வாசனை, மருந்து நெடி.

சிரித்து ஒதுக்கிவிடலாம். 1899ல் வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஸ்லாஸன் என்ற ரசாயனப் பேராசிரியர் வெறும் வடிநீரைப் பஞ்சில் ஊற்றி, வாசனையை உணர்ந்தவர்கள் கை தூக்கலாம் என்றார். 15 வினாடிகளில் முன்வரிசையில் பெரும்பாலோர் தூக்கிவிட்டனர். கடைசியில் முக்கால் பங்குப் பேர் உணர்ந்ததாகச் சொன்னார்கள். முன்வரிசையில் சிலருக்கு ஒவ்வாமல் போய் அவர்கள் வெளியேற முற்பட்டதால் சோதனையை நிறுத்தவேண்டி வந்தது. மூக்கு சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்பது இதனால் தெளிவு. ஆனால், விடுதி என்றதும் ஏன் காற்றையே முகர்கிறோம் என்பதற்கு இது பதிலல்ல. அதற்குக் கட்டிடத்தின் சரித்திரத்துக்குத்தான் போகவேண்டும்.

இந்த விடுதிகளின் அமைப்பை வகுத்தவர் ஃபிலடெல்ஃபியாவின் மருத்துவர் தாமஸ் கிர்க்பிரைடு. 1854ல் வெளிவந்த அவருடைய நூலில் காற்றோட்டம் ஏறக்குறைய ஒரு மதம். கெட்ட காற்றே நோய் என்று மருத்துவம் நம்பிய காலம் அது. கட்டிடத்தின் சிறகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்படியாகப் பின்வாங்கி நிற்பது ஒவ்வொரு கூடத்துக்கும் வெளிக்காற்று கிடைப்பதற்காக. நாற்றத்தை வெளியேற்றுவதற்கென்றே கட்டப்பட்ட யந்திரம் என்று இதைச் சொன்னால் மிகையில்லை. (நாற்றம் என்ற சொல் நம்மிடமே ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்தது; சொல்லும் கெட்டுப்போகும்.)

250 பேருக்கென்று திட்டமிட்ட வெஸ்டன் விடுதியில் 1950களில் 2,400 பேர் இருந்தார்கள். எந்த ஜன்னல் இதைத் தாங்கும்?

மருந்து நெடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 1882ல் இத்தாலிய மருத்துவர் செர்வெல்லோ பாரால்டிஹைடைத் தூக்க மருந்தாக அறிமுகப்படுத்தினார். பல நாடுகளின் விடுதிகளில் தலைமுறைக் கணக்கில் நோயாளிகளை அடக்கிவைத்தது அது. உட்கொண்டதில் ஒரு பகுதி மாறாமல் நுரையீரல் வழியே வெளியேறும். அதாவது, விடுதியின் வாசனை என்று வந்துபோனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டது சுவரின் வாசனை அல்ல, உறங்கவைக்கப்பட்டவர்களின் மூச்சு. மருந்தின் அளவைப் பதிவேட்டில் எழுதினார்கள். மூச்சை யார் எழுதுவார்கள்? சரித்திரக்காரனுக்குக் கண்ணும் காதும் உண்டு, மூக்கு கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் பேய் தேடுபவன் நுழைகிறான். அவனிடம் எனக்குள்ள சண்டை அவன் பொய் சொல்கிறான் என்பதல்ல. உயிரோடிருந்தவர்களுக்கு நேர்ந்ததை அவன் செத்தவர்களின் விஷமமாக மாற்றிவிடுகிறான்.

ஒஹையோவில் ஏதென்ஸ் நகர விடுதியும் கிர்க்பிரைடு வகுத்த முறையில் கட்டியதுதான். 1874ல் திறந்து 1993ல் மூடினார்கள். அங்கும் பேய்க் கதைகளுக்குக் குறைவில்லை. அதன் இடுகாட்டில் வரிசை வரிசையாகச் சிறு கற்கள் நிற்கின்றன. அவற்றில் மிகப் பலவற்றில் பெயர் இல்லை, எண் மட்டுமே.