கழுத்தின் மேல் ஏற்றப்பட்ட 27 கிலோ

கைபேசியைக் குனிந்து பார்ப்பவரின் கழுத்தில் 27 கிலோ சுமை ஏறுகிறது என்பது நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களில் ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல நிலைத்துவிட்டது. இந்த எண்ணின் பிறப்பிடம், நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரை. நிமிர்ந்த நிலையில் ஏறத்தாழ 5 கிலோவாக உள்ள தலையின் பாரம் 15 பாகைச் சாய்வில் 12, 30-இல் 18, 45-இல் 22, 60-இல் 27 கிலோவாகக் கூடுகிறது என்றது அது. இவை கணினி மாதிரி ஒன்றில் போட்ட கணக்குகள். உயிருள்ள ஒருவரின் கழுத்திலும் இச்சுமை அளக்கப்படவில்லை. வலி உண்டா என்று எவரிடமும் கேட்கப்படவும் இல்லை.

கணக்கின் திசை தவறில்லை. தலை முன்சாயும் அளவுக்கு நெம்புகரம் நீள்கிறது. அதை ஈடுகட்டப் பிடரித் தசைகள் இழுக்க, அந்த இழுவிசையும் சேர்ந்து முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளை அழுத்துகிறது. ஆனால் சுமை கூடுவது வேறு, சிதைவு நேர்வது வேறு. எலும்பும் தட்டும் சுமைக்கேற்பத் தம்மைத் தகவமைத்துக்கொள்ளும் திசுக்கள். எந்த அளவைத் தாண்டினால் அவை கெடும் என்பதை அந்த மாதிரியால் சொல்ல இயலாது. மேலும், கைபேசி பார்ப்போரின் தலைச்சாய்வை 2015-இல் கொரிய ஆய்வாளர்கள் அளந்தபோது கிடைத்தது பெரும்பாலும் 33 முதல் 45 பாகை. செய்திகள் விரும்பும் 60 பாகை, கோட்டின் கடைக்கோடி.

குனிவதுதான் குற்றவாளி என்றால், அதிகம் குனிபவர்க்கு அதிகம் வலிக்க வேண்டும். ரியோ டி ஜெனிரோவில் 18 முதல் 21 வயது வரையிலான 150 மாணவர்களிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், கைபேசி பார்க்கும் தோரணைக்கும் கழுத்துவலிக்கும் தொடர்பு காணப்படவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ரெய்ன் ஆய்வு இன்னும் சங்கடமானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட 17 வயதினரின் உட்காரும் தோரணையைப் பக்கவாட்டில் படமெடுத்து வகைப்படுத்தினார்கள். வலியோடு அந்த வகைகள் பொருந்தவில்லை. அவர்களில் பலரை 22 வயதில் மீண்டும் விசாரித்தபோது, பெண்களைப் பொறுத்தவரை, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர்களிடமே நீடித்த கழுத்துவலி கூடுதலாக இருந்தது. கூன் போடாதே என்று பெண்பிள்ளைகளை அதட்டி வளர்த்த நமக்கு இது ஏற்கக் கடினமான முடிவுதான்.

2019-இல், கைபேசி பார்ப்பதால் 'இளைஞர் மண்டையில் கொம்பு' முளைக்கிறது என்று உலகமெங்கும் பரவிய செய்தியை இங்கே நினைவுகூரலாம். குவீன்ஸ்லாந்து ஆய்வாளர் இருவர் பின்மண்டை எலும்பு முனைப்பை எக்ஸ்ரே படங்களில் அளந்து முந்தைய ஆண்டு எழுதியது அது. படங்களுக்கு உரியவர்கள் எவ்வளவு நேரம் கைபேசி பார்த்தார்கள் என்பது அளக்கப்படவே இல்லை.

அப்படியானால் கைபேசி குற்றமற்றதா? அப்படியும் விட்டுவிட முடியாது. ஸ்வீடனில் 20 முதல் 24 வயது வரையிலான 7,092 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், ஏற்கெனவே கழுத்து, மேல்முதுகு வலி இருந்தவர்களிடம் அது நீடிப்பதற்கும் அதிகமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கும் தொடர்பு தெரிந்தது. வலியில்லாமல் தொடங்கியவர்களிடம் கழுத்துவலி புதிதாகத் தோன்றியதற்கு அத்தகைய தெளிவான தொடர்பு இல்லை. அவர்களிடம் கூடியது கைவிரல் மரப்பு. (அது பெரும்பாலும் பொத்தான் கைபேசிக் காலத்தில் தொடங்கிய ஆய்வு என்பதையும் மறக்கலாகாது.)

இதை விளக்க எனக்குக் கோணத்தைவிடக் காலமே பொருத்தமாகப் படுகிறது. கழுத்து நன்றாகக் குனிந்ததும் பிடரித் தசைகளின் மின்செயல்பாடு தணிந்து, எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் பாரத்தை ஏற்கின்றன. அசையாமல் நெடுநேரம் இழுபட்டால் அந்நார்கள் மெல்ல நீண்டுகொடுக்கின்றன. பழைய இறுக்கம் உடனே திரும்புவதில்லை. கால் மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து அசைபவருக்கும், இரண்டு மணி நேரம் உறைந்து கிடப்பவருக்கும் சாய்வு 40 பாகையாகவே இருக்கலாம். திசுக்கள் படும் பாடு ஒன்றல்ல. தொழில்சார் மருத்துவத்தின் முன்னோடியான இத்தாலிய மருத்துவர் ராமசினி, 1700-களின் தொடக்கத்திலேயே எழுத்தர்களின் நோய்களுக்கு ஓயாமல் உட்கார்ந்திருப்பதையும், கையின் மாறாத அசைவையும், மன அழுத்தத்தையும் காரணமாகக் கண்டார். இன்றைய ஆய்வுகள் பல, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று பங்கேற்பாளரையே கேட்டு எழுதிக்கொள்கின்றன. சாய்வையும் இடைவெளியையும் உணரி கொண்டு ஒருங்கே பதிவு செய்யாதவரை இந்த வழக்கு தீராது.

அதுவரை, கைபேசியைக் குனிந்து பார்ப்பதால் வருவதாகச் சொல்லப்படும் கழுத்துவலிக்கு இட்ட 'டெக்ஸ்ட் நெக்' என்பதை ஒரு நோய்ப்பெயராக வழங்குவதில் ஆபத்து உண்டு. இளைஞர் ஒருவர் கழுத்துவலியோடு வந்தால் கையிலுள்ள கருவியைக் காட்டி முடிவுக்கு வருவது எளிது. இரு கைகளும் மரத்துப்போதல், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவை தண்டுவடம் நெருக்குண்டிருப்பதன் அறிகுறிகளாகலாம். கைபேசியை எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள் என்பதற்கு முன்பாக இவற்றைக் கேட்டாக வேண்டும்.