வெள்ளைக்காரன் மனுசக்கறி தின்னானா?

போன ஞாயித்துக்கிழமை ஊத்துக்குளி டீக்கடையில் நண்பரோடு ஒரு வாக்குவாதம். "அந்தக் காலத்து ஐரோப்பாக்காரன் மனுசனையே தின்னவனுங்க, எலும்பே சாட்சி"ன்னார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குஷிதான். காரணம் இருக்கு. கி.மு. 5-ம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்கர், இந்தியாவில் ஒரு கூட்டம் செத்துப்போன பெத்தவங்களைத் தின்னும்னு எழுதி வச்சிட்டுப் போயிட்டார். அவர் இந்தியப் பக்கம் வந்ததே கிடையாது. எல்லாம் கேள்விஞானம்!

எலும்பு இருப்பது அவங்க ஊர்லதான். இங்கிலாந்தின் கஃப் குகையில் கிடைத்த சுமார் 14,700 ஆண்டு பழைய மனித எலும்புகளில் சதையை அறுத்த கோடு, மனிதப் பல் கடித்த தடம் எல்லாமே இருக்கு. மண்டையோட்டைக் கிண்ணமாகவே செதுக்கியிருக்காங்க. இதை நான் நம்புறேன். ஒரு கை எலும்பில் கோணல்மாணலாக் கோடு கீறியிருப்பதைப் பார்த்தால் பசிக்குத் தின்ன மாதிரி தெரியலை, ஏதோ சடங்கு.

ஜெர்மனியின் ஹெர்க்ஸ்ஹைம் அப்படியில்லை. 7,000 வருசப் பழசு, குறைஞ்சது 500 பேரோட உடைஞ்ச எலும்புகள். தின்னுட்டாங்கன்னு 2009-ல் ஒரு குழு எழுதியது. இல்லை, சதையை நீக்கிட்டு எலும்பை மட்டும் புதைக்கிற சடங்குன்னு இன்னொரு கட்சி.

இங்கேதான் என் குஷி இறங்கிப்போச்சு. நமக்குப் பக்கத்துலயே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கு. அந்த மாதிரி பெருங்கற்காலக் கல்லறைகளில், உடம்பை வேறெங்கோ விட்டுட்டு, பிறகு சில எலும்புகளை மட்டும் பொறுக்கி வந்து வைப்பது சகஜம். "மிச்ச எலும்பு எங்கே? தின்னுட்டீங்களா?"ன்னு வெளியூர்க்காரன் கேட்டா நாம சும்மா இருப்போமா? அதனால ஹெர்க்ஸ்ஹைம்காரனை இப்போதைக்கு விட்டுட்டேன்.

நண்பர் விடலை. "ஆம்பளைங்களுக்குக் காயடிச்சாங்களாமே?" ரோமில் சிபெலி என்ற பெண் தெய்வத்தின் பூசாரிகள் தாங்களே காயடிச்சுக்கிட்டது அவங்க எழுத்துலயே இருக்கு. ஆனா பொருள் சாட்சின்னு வந்தா தகராறுதான். 1840-களில் தேம்ஸ் ஆற்றில் ஒரு வெண்கலக் கிட்டி கிடைச்சது. சாமி தலையெல்லாம் வச்ச வேலைப்பாடு. பூசாரிக்கானதுன்னு சிலர், கால்நடைக்கானதுன்னு சிலர். காங்கேயம் காளைக்குக் கிட்டி போட்டதைப் பார்த்த நம்மாளுங்ககிட்டக் காட்டினா ஒரு நிமிசத்துல சொல்லிடுவாங்க :-)

அப்புறம் கேட்டரிக் எலும்புக்கூடு. 4-ம் நூற்றாண்டு இளைஞன், கழுத்திலும் கையிலும் காலிலும் நகை. சிபெலி பூசாரின்னு 2002-ல் அறிவிச்சாங்க. வளர்ந்த பிறகு காயடிச்சா எலும்புல தெளிவான அடையாளம் இருக்காது. நகை மட்டும்தான் சாட்சி. அப்படிப் பார்த்தா கடுக்கன் போட்டிருந்த எங்க தாத்தாவையெல்லாம் என்னன்னு சொல்றதுங்க?